பரம்பரைச் செல்வமும் நாட்டுத் தொண்டும்

முன்னோர் தேடிவைத்த பொருள் தன் உழைப்பின்றியே ஒருவன் கைக்கு வந்து சேருமானால், அவன் நாட்டுக்குச் செலுத்த வேண்டிய கடன் யாது? வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் இவ்வினாவை எழுப்புவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். “நம்மவருக்குப் பரம்பரைச் சொத்து ஏது? இவ்வினாவை மிராசுதாரரிடமும் மில் முதலாளியிடமும் அல்லவோ கேட்க வேண்டும்?” என்று இளைஞர் சிலர் வினவவும் கூடும்.

அவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். அவர்களை நாம் விட்டுவிடப் போவதில்லை. ஆயினும், நம் வீடுகளிலும் இன்று சிறிது சிறிதாகச் சொத்து என்னும் ஒன்று தோன்றியிருக்கிறது. கூடுவாஞ்சேரி நிலையத்தில் மின்சார ரயில் ஏறி வேலைக்குச் சென்ற தந்தை கட்டிய வீடு மகனுக்கு வருகிறது. ஏரிப் பாசன வயல்கள் மனைகளாகிவிட்ட இவ்வட்டாரத்தில், தாத்தா வாங்கிய இரண்டு கிரவுண்டு நிலம் பேரன் காலத்தில் பெரும்பொருளாகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் பிள்ளைகளுக்குக் கல்வியே வீட்டுச் சொத்தாக வந்து சேருகிறது. ஆகவே, பெறுவோர் வரிசையில் நாமும் நிற்கத் தொடங்கியுள்ள இந்நேரமே இவ்வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளத் தக்க நேரமாகும். விடையை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. செங்கல்பட்டுச் சீமையின் வரலாறே அதனை நமக்குச் சொல்லும்.

காணியாட்சி என்னும் வாரிசுரிமை

1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஜாகீராக அளித்த நிலப்பகுதியே பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டம் ஆயிற்று. 1794 முதல் 1798 வரை இங்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவர் ஊர்தோறும் நிலவிய உரிமைகளை ஆராய்ந்து விரிவாக எழுதி வைத்தார். 1816இல் எல்லிஸ் துரை மிராசு உரிமை குறித்துத் தனி நூலே எழுதினார். அவர்கள் கண்ட முறைக்குத் தமிழில் காணியாட்சி என்று பெயர். ஓர் ஊரின் நிலம் முழுவதும் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டு, அப்பங்குகள் சில குடும்பங்களுக்கு வழிவழியாக உரியனவாயிருந்தன. பங்குடையார் பயிர்நிலத்தை மட்டுமே ஆண்டனர் என்று எண்ணலாகாது. ஊர்த் தரிசின் மீது அவர்களுக்கே முதல் உரிமை. பிறர் பயிரிட்டால் களத்தில் அவர்களுக்கு ஒரு பகுதி அளந்தாக வேண்டும். சேரியில் நம் முன்னோர் குடிசை போட்டிருந்த மண்ணும் அவர்களுடையதே.

மறுபுறம் நம் முன்னோருக்கு வழிவழியாக வந்தது என்ன? வேலை வந்தது, அதனோடு கடனும் வந்தது. திருமணத்திற்கோ சாவுச் செலவிற்கோ வாங்கிய சில ரூபாய்க்காகத் தகப்பன் படியாளாக எழுதிக் கொடுப்பான். அக்கடன் தீராமலே அவன் மறைவான். மகன் அப்பத்திரத்தின் கீழ் ஏரில் நிற்பான். மிராசுதாரர் மகன் நிலத்திற்கு வாரிசு, படியாள் மகன் கடனுக்கு வாரிசு. ஒரே ஊரில், ஒரே ஏரித் தண்ணீரில், இருவகை வாரிசுரிமை நடைபெற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இரண்டாம் வகை வாரிசுரிமை எத்துணை நீண்ட ஆயுள் உடையதாயிருந்தது என்பது விளங்கும்.

வெட்டியும் தொண்டும்

ஊர்ப்பணி என்பதும் அக்காலத்தில் பரம்பரையாகவே இருந்தது. மணியம், கணக்கு ஆகிய பதவிகள் சில குடும்பங்களுக்கு உரியன. எல்லைக்கல்லைக் காட்டுதல், ஏரிக்கரையை இரவில் காத்தல், ஓலை கொண்டு ஓடுதல், செத்த மாட்டை அகற்றுதல், பிணம் சுடுதல் ஆகியவை வேறு சில குடும்பங்களுக்கு உரியன. முன்னவை அதிகாரம் தந்தன. பின்னவை இழிவு தந்தன. வெட்டியான், தோட்டி, தலையாரி என்று பெயரிட்டு அழைக்கப்பட்ட நம் முன்னோர் செய்தவற்றுள் பல இன்றைய பொருளில் தூய நாட்டுப்பணியே ஆகும். ஏரி உடையாமல் காப்பதைவிடப் பெரிய பொதுப்பணி இவ்வட்டாரத்தில் எது? ஆயினும் அப்பணிக்குத் தொண்டு என்னும் பெயர் கிடைக்கவில்லை. வெட்டி என்னும் பெயரே கிடைத்தது. ஏனெனில் அது விரும்பிச் செய்ததன்று, பிறப்பால் சுமத்தப்பட்டது.

1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் இவ்வழக்கத்தைச் சட்டமாகவே எழுதிவைத்தது. பிறந்த குடும்பத்தை வைத்து அரசுப் பதவி தருவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1960இல் உச்ச நீதிமன்றம், ஆந்திர மாநிலத்து வழக்கு ஒன்றில், தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. பின்னர்த் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் அமர்ந்தார். நம் வீட்டுப் பிள்ளை அந்நாற்காலியில் அமர இயன்றது அதன் பின்னரே.

இளைஞர்கள் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவை ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். அதன் முதற்பகுதி வெட்டி வேலையைத் தடை செய்கிறது. இரண்டாம் பகுதியோ, பொதுநலனுக்காக அரசு கட்டாயப் பணி விதிக்கலாம் என்றும், அவ்வாறு விதிக்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்றும் கூறுகிறது. ஊர் நம்மிடம் மட்டுமே வேலை வாங்கிற்று. நாடு அவ்வாறு வாங்கலாகாது. கேட்பதானால் மாளிகைப் பிள்ளையையும் குடிசைப் பிள்ளையையும் ஒருங்கே கேட்க வேண்டும் என்பதே இதன் பொருள். வெட்டிக்கும் தொண்டுக்கும் உள்ள வேற்றுமையை இவ்வளவு சுருக்கமாக வேறெந்த நூலும் நமக்கு உணர்த்தியதில்லை.

ஒரு தலைமுறைக்குக் கிடைத்த நிலம்

செங்கல்பட்டில் கலெக்டராயிருந்த ஜே. எச். ஏ. திரெமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை அனுப்பினார். செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் பணியாற்றிய வில்லியம் கவுடி ஆகிய பாதிரிமார்களும் இதே குறையை அரசாங்கத்தின் காதில் விழச் செய்துகொண்டிருந்தனர். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமையும், தர்க்காஸ்து கொடுத்துத் தரிசு நிலம் பெற முயன்றால் மிராசுதாரர் தடுத்துவிடுவதும் அவ்வறிக்கையால் அரசாங்கத்தின் ஏட்டில் ஏறின.

அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசாங்கம் பிறப்பித்த 1010ஆம் எண் ஆணையின் வழியே, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் திட்டம் தொடங்கிற்று. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதுவே. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறுவர். அந்நிலத்தை முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கவோ மாற்றவோ கூடாது. அதன்பின் மாற்றுவதாயினும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே மாற்ற வேண்டும். மீறினால் அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவையே விதிகள்.

இந்த விதிகளின் உட்பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இந்நிலம் பெற்றவன் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. அவன் வழியினருக்கும் அவனைப் போன்றோர்க்கும் உரியது. அவன் அதனைக் காப்பவன். அழிக்கும் உரிமை அவனுக்கும் இல்லை, பறிக்கும் உரிமை பிறர்க்கும் இல்லை. பரம்பரைச் செல்வம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல இலக்கணம் கிடைத்தல் அரிது. ஆனால் நடந்தது வேறு. கடனுக்காகவும், மிரட்டலுக்காகவும், கைந்நாட்டுப் பத்திரத்தாலும், பதிவேட்டில் எழுத்து மாறியதாலும் அந்நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. படிக்கத் தெரியாதவனுக்குக் கொடுத்த பட்டா, பூட்டில்லாத பெட்டியில் வைத்த நகை போன்றதாயிற்று.

மாமல்லபுரம் பக்கத்துக் காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர்நீத்தனர். நூறாண்டுகளுக்கு முன் அரசு ஆணையால் கொடுத்த சொத்தை அதே ஆணையைக் காட்டிக் கேட்டதற்கு இந்த விலை. பஞ்சமி நிலங்களை ஆராயத் தமிழ்நாடு அரசு 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இழந்த நிலம் எல்லாம் மீண்டுவிட்டது என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

கதவடைத்த கொடை

இனி, செல்வம் படைத்தோர் நாட்டுக்கு என் செய்தனர் என்பதைப் பார்ப்போம். 1794இல் மறைந்த வள்ளல் பச்சையப்பர் தம் பெருஞ்செல்வத்தை அறத்திற்கென எழுதி வைத்தார். அப்பொருளால் 1842இல் சென்னையில் பள்ளி தோன்றிற்று. 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் கல்வி பரவ அவ்வறக்கட்டளை ஆற்றிய பணியை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், 1920களின் பிற்பகுதி வரை அக்கல்லூரியின் கதவு ஆதிதிராவிட மாணவருக்குத் திறக்கவில்லை. இந்துக்களுக்கான அறம் என்றனர். அவ்விந்துக்களுள் நாம் எண்ணப்படவில்லை. அக்கதவைத் திறக்கச் சட்டசபை வரை குரல் எழும்ப வேண்டியிருந்தது. இன்று அங்கு நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் படிக்கின்றனர். அவ்வாயிலில் தடுக்கப்பட்டோரின் பெயர்களையோ நாம் அறியோம்.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று உண்டு. செல்வத்தைக் கொடுத்துவிட்ட அளவில் கடமை முடிந்துவிடாது. யாருக்குப் பயன்படுகிறது என்பதை நோக்கியே அது நாட்டுத் தொண்டா, தம்மவர்க்கு மட்டும் செய்த உதவியா என்று தீர்மானிக்க வேண்டும். நம் சங்கத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். நம்மினும் கீழாக வைக்கப்பட்ட அருந்ததியர், இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் மாலை வகுப்பின் பாயில் இடம் இல்லையெனில், நாமும் பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவரே ஆவோம்.

மதுரைப் பிள்ளையின் குடும்பம்

நம்மவருள்ளும் பெருஞ்செல்வர் இருந்தனர் என்பது இன்றைய இளைஞர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். 1858இல் பிறந்த பி. எம். மதுரைப் பிள்ளை கடல் கடந்து ரங்கூன் சென்று, துறைமுக வணிகத்தில் உயர்ந்து, கப்பல் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். ரங்கூனில் கௌரவ நீதிபதியாகவும் விளங்கி, ராய் பகதூர் பட்டமும் பெற்றார். அவர் பொருளால் அந்நகரில் பள்ளி நடந்தது. தமிழ்ப் புலவர்கள் வாழ்ந்தனர். அவரைப் பல புலவர்கள் பாடிய பாடல்கள் மதுரைப் பிரபந்தம் என்னும் பெயரில் தொகுக்கப் பெற்றன. புலவர் பாடும் புரவலர் என்றால் ஜமீன்தாரும் ஆதீனமும் மட்டுமே என்றிருந்த காலத்தில், நம் குலத்தில் பிறந்த ஒருவர் அவ்விடத்தைப் பெற்றார். 1913இல் அவர் மறைந்தார்.

செல்வம் ஈட்டியவரின் பெருமை இது. செல்வத்தைப் பரம்பரையாகப் பெற்றவர்கள் என் செய்தனர் என்பதே நம் வினா. மதுரைப் பிள்ளையின் மகளின் மகளே அன்னை மீனாம்பாள். 1904 டிசம்பர் 26ஆம் நாள் ரங்கூனில், பொன்னும் கல்வியும் நிறைந்த வீட்டில் பிறந்தார். தந்தை வி. ஜி. வாசுதேவப் பிள்ளையும் சென்னையில் நம் மக்களின் பொதுவாழ்வில் முன்னின்றவர். அவ்வம்மையார் விரும்பியிருந்தால் எவ்வித இன்னலும் இன்றி வாழ்ந்திருக்கலாம். சேரிப் பக்கம் தலை திருப்பாமலே காலம் கழித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1928இல் பொதுமேடையில் பேசத் தொடங்கியவர், தொடர்ந்து ஆதிதிராவிடர் மாநாடுகளில் தலைமையேற்றார். இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1938 நவம்பரில் சென்னையில் கூடித் தந்தை பெரியாருக்குப் பெரியார் என்னும் பட்டத்தை வழங்கிய பெண்கள் மாநாட்டில் பங்கு கொண்டார். 1944இல் சென்னையில் கூடிய அட்டவணை வகுப்பினர் பெண்கள் மாநாட்டிற்கு அவரே தலைவர். அண்ணல் அம்பேத்கர் அம்மாநாட்டில் கலந்துகொண்டார். அண்ணல் அவரைத் தம் தங்கையாகவே கொண்டாடினார். 1992 நவம்பரில் மறையும் வரை அவர் நம் மக்களை மறக்கவில்லை.

அவரை மணந்த ந. சிவராஜ் சட்டம் பயின்றவர். சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியர். 1942இல் நாகபுரியில் தோன்றிய அகில இந்திய அட்டவணை வகுப்பினர் கூட்டமைப்பின் முதல் தலைவர். 1945இல் சென்னை மேயர். 1957ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவரை மக்களவைக்கு அனுப்பியது நம் செங்கல்பட்டுத் தொகுதியே என்பதை இவ்வட்டாரத்து இளைஞர் பெருமையோடு நினைவில் கொள்ள வேண்டும். அண்ணல் மறைந்தபின் இந்தியக் குடியரசுக் கட்சியின் தலைமைப் பொறுப்பும் அவர் தோளில் ஏறிற்று. 1964இல், தாம் பிறந்த அதே செப்டம்பர் 29ஆம் நாளில் அவர் மறைந்தார்.

ரங்கூன் துறைமுகத்தில் ஒரு தலைமுறை ஈட்டிய பொருள், மூன்றாம் தலைமுறையில் அச்சமின்றிப் பேசும் நாவாகவும், கூலி வாங்காமல் மக்களுக்கு உழைக்கும் ஓய்வாகவும் மாறிற்று. பரம்பரைச் செல்வம் ஒருவனுக்குத் தரும் மிகப் பெரிய பொருள் நேரமே. நாளைய அரிசிக்கு இன்று ஓட வேண்டாத நிலை அது. அந்நேரத்தை எவருக்குச் செலவிட்டான் என்பதைக் கொண்டே ஒருவனை நாடு எடை போடும்.

பொருளில்லாதார் விட்டுச்சென்ற பொருள்

செல்வம் என்றால் நிலமும் கப்பலும் மட்டுமே என்று கொள்ளலாகாது. மிராசு உரிமை பற்றி நூல் எழுதிய எல்லிஸ் துரையை மேலே குறிப்பிட்டோம். அவர் கைக்குத் திருக்குறள், நாலடி நானூறு முதலிய ஏட்டுச் சுவடிகள் வந்த வரலாற்றை அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் அரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டில் வழிவழியாகக் காத்து வந்த ஏடுகளை அத்துரையிடம் அவர் அளிக்க, அவை எல்லிஸிடம் சென்றன என்பது பண்டிதர் கூற்று. எண்ணிப் பாருங்கள்: ஒரே துரையின் மேசைக்கு இருவகைப் பரம்பரைச் செல்வம் வந்தது. காணியாட்சிக்காரர் தம் நிலத்தைக் காக்க ஆவணங்களைக் கொண்டுவந்தனர். சமையற்கட்டில் வேலை செய்த ஒருவர் தம் ஏடுகளை நாடு படிக்கட்டும் என்று கொடுத்தார். இவ்விருவருள் எவர் செல்வர் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

அக்கந்தப்பனாரின் பேரரான பண்டிதர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893இல் பறையன் என்னும் பெயரையே தலைநிமிர்த்தி இதழுக்குச் சூட்டினார். 1924இல் பொதுச்சாலை, பொதுக்கிணறு உரிமைக்காகச் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். 1930இலும் 1931இலும் அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசையில் அமர்ந்தார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா பள்ளி ஆசிரியராயிருந்து சட்டசபைக்குச் சென்றார். ஆதிதிராவிடர் என்னும் பெயரை 1922இல் அரசாணையில் ஏற்றுவித்தார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவியபோது அவரிடம் இருந்தது துறவியின் உடை ஒன்றே.

இவர்கள் எவரும் நமக்கு வயல் எழுதி வைக்கவில்லை. ஆயினும் பள்ளியில் இடம், விடுதி, உதவித்தொகை, அரசுப் பணியில் பங்கு, சட்டமன்றத்தில் குரல் ஆகிய அனைத்தும் இவர்கள் விட்டுச்சென்ற சொத்தே. மேற்படிப்புக்கான உதவித்தொகை 1944இல், அண்ணல் வைசிராயின் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், தொடங்கிற்று. அதைப் பெற்றுப் படித்த ஒவ்வொருவரும் தாம் ஈட்டாத ஒன்றைப் பெற்றவரே. இது தருமம் அன்று; உரிமை. உரிமையாயினும், பிறர் போராடிப் பெற்றதை நாம் அனுபவிக்கிறோம் என்னும் அளவில் இதுவும் பரம்பரைச் செல்வமே. அனுபவித்தவர்க்குக் கடமையும் உண்டு. 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அண்ணல், படித்து உயர்ந்தவர்கள் தம் மக்களைக் கைவிட்டுவிட்டனர் என்று மனம் வெதும்பியது இக்கடமையை எண்ணியே ஆகும்.

நாடு கேட்கும்போது

நாடு அழைக்கும்போது நாட்டைக் காக்கவும் தேசப்பணி ஆற்றவும் முன்வருதல் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று, 1976இல் அரசியலமைப்பில் சேர்ந்த 51அ பிரிவு கூறுகிறது. இக்கடமையை நம்மவர் சட்டம் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. பழைய சென்னைப் படையிலும், அதன் சுரங்க, பாலம் கட்டும் பிரிவுகளிலும் நம் முன்னோர் திரளாகப் பணி செய்தனர். பின்னர்ப் போர்க்குடிகள் என்னும் கொள்கையைக் கொண்டு வந்து, சில சாதியாரே வீரர் என வெள்ளையர் வகுத்தபோது, படைக் கதவு நமக்குக் குறுகிற்று. உழைக்க நின்றவனுக்கு வீரமில்லை என்றும், ஊரில் அமர்ந்து குத்தகை வாங்கியவனுக்குக் குலப்பெருமை உண்டு என்றும் உலகம் பேசிற்று.

பிற நாடுகளிலும் இவ்வநீதி உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863ஆம் ஆண்டுச் சட்டப்படி 300 டாலர் கட்டியவர் படைப்பணியிலிருந்து விலக்குப் பெறலாம். தந்தையின் பணம் உள்ள மகன் வீட்டில் இருந்தான். கூலிக்காரன் மகன் களத்திற்குப் போனான். அவ்வாண்டு நியூயார்க்கு நகரில் மூண்ட பெருங்கலவரத்திற்கு இதுவும் ஒரு காரணம். அக்கலவரத்தில் ஏழை வெள்ளையரின் சினம் அவர்களினும் ஏழைகளான கறுப்பின மக்கள் மேல் பாய்ந்தது என்பது துயரமான செய்தி. இதற்கு மாறாகச் சிங்கப்பூரில் 1967 முதல் குடிமக்களான இளைஞர் அனைவருக்கும் தேசிய சேவை கட்டாயமாயிற்று. அங்குள்ள தமிழர் வீட்டுப் பிள்ளையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஒரே முகாமில் ஒரே உடையில் நிற்கின்றனர். கட்டாயப் படைப்பணி நம் நாட்டுக்கு வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பணி என்று வந்தால் பரம்பரைச் சொத்து விலக்குச் சீட்டாகலாகாது என்பதே நம் கருத்து.

சொத்திலிருந்தே ஒரு பங்கை நாட்டுக்கு எடுக்கவும் முயற்சிகள் நடந்தன. இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்தின் மீது 1953இல் வரி விதிக்கப்பட்டது. 1985இல் அது நீக்கப்பட்டது. நில உச்சவரம்பு தமிழ்நாட்டில் 1961இல் 30 நிலையான ஏக்கர் என்று வகுக்கப்பட்டு, 1970இல் 15 ஆகக் குறைந்தது. 1951 ஏப்ரலில் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள் வினோபாவிடம் 80 ஏக்கர் கேட்க, வெதிரே இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னதே பூதான இயக்கத்தின் தொடக்கம். வினோபா அதன்பின் ஊர் ஊராக நடந்து, ஆறில் ஒரு பங்கு கேட்டார். 1956இல் நம் மாவட்டத்துக் காஞ்சிபுரத்துக்கும் வந்தார். நல்ல உள்ளங்கள் கொடுத்தன. பாறையையும் வழக்கில் கிடந்த நிலத்தையும் கொடுத்துப் புகழ் பெற்றோரும் உண்டு. கொடுப்பவன் மனத்தை மட்டும் நம்பி ஒரு சமுதாயம் வாழ இயலாது என்பதையும், சட்டத்தை மட்டும் நம்பியும் வாழ இயலாது என்பதையும் பூதானமும் உச்சவரம்பும் சேர்ந்து நமக்குக் கற்பித்தன. சட்டம் வேண்டும்; அதனைச் செயல்படுத்த வைக்கும் படித்த மக்களும் வேண்டும்.

இளைஞர்களுக்கு

ஆகவே நம் சங்கத்து இளைஞர்களிடம் நாம் கேட்பது பெரும்பொருள் அன்று.

முதலாவதாக, ஆவணம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், அ பதிவேடு, வில்லங்கச் சான்று ஆகிய ஐந்தையும் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஓர் இளைஞன் ஒவ்வொரு சேரியிலும் இருந்திருந்தால் பஞ்சமி நிலத்தில் பாதியேனும் நின்றிருக்கும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் தாத்தாவின் ஊரில் எத்தனை ஏக்கர் அவ்வகையில் வழங்கப்பட்டது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். கைந்நாட்டு வைத்த பாட்டனுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்த பேரன் செய்யும் கடன் இது.

இரண்டாவதாக, நேரம் கொடுங்கள். படித்து வேலையில் அமர்ந்தவர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது வந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர வேண்டும். நகரத்துக்குக் குடிபெயர்ந்த நம்மவர் சிலர் வெள்ளிவிழாவுக்கு மட்டும் வந்து மாலை பெற்றுச் செல்கின்றனர். அவர்களை நாம் அன்போடு வரவேற்கிறோம். ஆயினும் இந்தக் கட்டடத்துக்கு மாலையினும் ஆசிரியரே வேண்டும்.

மூன்றாவதாக, சொத்துப் பிரிக்கும் நாளில் சங்கத்தை நினையுங்கள். வினோபா ஆறில் ஒன்று கேட்டார். நாம் அளவு குறிக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு எழுதும் தந்தை, நான்காவதாகப் பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கல்விச் செலவை எழுதினால் போதும். தம் பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: “இந்த வீடு உன்னுடையது, ஆனால் இதற்குக் காரணமானவர்கள் பலர்.”

வேலையைப் பரம்பரையாகப் பெற்ற நாம், இன்று பொருளைப் பரம்பரையாகப் பெறத் தொடங்கியுள்ளோம். இவ்விடத்தில் நமக்கு முன் இரு வழிகள் உள்ளன. பங்கைக் கணக்கிட்டு, வேலி போட்டு, சேரியை மறந்து வாழ்ந்த மிராசுதாரர் வழி ஒன்று. ஏடுகளைக் கொடுத்த கந்தப்பனார், பள்ளி நடத்திய மதுரைப் பிள்ளை, மேடை ஏறிய மீனாம்பாள் ஆகியோர் வழி மற்றொன்று. முதல் வழியால் நாம் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். அதே துன்பத்தைப் பிறருக்கு இழைக்க நாம் செல்வம் சேர்க்க வேண்டுவதில்லை. இரண்டாம் வழியில் நம் இளைஞர் நடப்பார்களாக! இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இம்மலரைப் படித்த பிள்ளைகளே அதனை நடத்துவார்களாக!